குற்றவாளியின் வலது கை

திருடு போன வீட்டில் திருடன் விட்டுவைத்ததை அக்கம்பக்கத்தார் கொண்டுபோவார்கள். நகையைச் சொல்லவில்லை, தடயத்தைச் சொல்கிறேன். செருப்பில் ஒட்டிக்கொண்டு போகும், முந்தானையில் துடைபட்டுப் போகும், "அடப் பாவமே" என்று சுவரில் கை ஊன்றும்போது போகும். எந்த ஊருக்கும் பொருந்துகிற உண்மை இது. எங்கள் முடிச்சூர் வீட்டில் மட்டும் ஒரு வித்தியாசம். அங்கே தடயத்தை அழித்தவர்களில் முதல் பரிசு தடயவியல் படித்துக்கொண்டிருந்த எனக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன். முதலில் கொஞ்ச நேரம் கோபப்பட்டுவிட்டு.

நான் அப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் ஒரு காலி வகுப்பறையில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பொம்மையின் மேல் சிவப்பு மையைக் கொட்டி, "இதுதான் குற்றம் நடந்த இடம், ஆராயுங்கள்" என்று விட்டிருந்தார்கள். பொம்மையைக் கொன்றது யார் என்று என் குழுதான் முதலில் கண்டுபிடித்தது. அதிலிருந்து எனக்குத் தலைக்கனம். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, "யாரும் அடுப்பைத் தொடாதீங்க" என்று ஓடுவேன். (அம்மா அதற்குள் துடைத்திருப்பாள்.)

டிசம்பர் மாதம். மேற்குத் தாம்பரத்தில் ஆராதனை முடிந்து அப்பா, அம்மா, நான் மூவரும் வீடு திரும்பினோம். பூட்டியிருந்த பின்கதவின் தாழ்ப்பாளை யாரோ நெம்பிப் பிளந்திருந்தார்கள். பீரோ திறந்து கிடந்தது. அம்மாவின் வளையல்கள், என் லேப்டாப், அப்பாவின் பொறுப்பில் இருந்த சர்ச் பாடகர் குழுவின் கீபோர்டு, மூன்றும் இல்லை. மறுநாளிலிருந்து, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். வளையல் போனதற்கு அழாத அம்மா, "சர்ச் ஐயருக்கு என்ன பதில் சொல்றது" என்று கீபோர்டுக்காக அழுதாள். போதாததற்குச் சமையல் மேடையில் அச்சு முறுக்கு டின்னும் திறந்து கிடந்தது. திருடன் நிதானமாகத் தின்றிருக்கிறான். ஒன்றைப் பாதி கடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"கர்த்தர் பார்த்துப்பார்" என்றார் அப்பா.

"கர்த்தர் பார்க்கட்டும்ப்பா. நீங்க எதையும் தொடாதீங்க" என்றேன்.

போலீசுக்குச் சொல்லிவிட்டு நான் திரும்புவதற்குள் பாதிக் காலனி வரவேற்பறைக்குள் நின்றது. எதிர்வீட்டு ஆன்ட்டி, "திறந்து கிடக்கே" என்று பீரோ கதவைக் கையாலேயே சாத்தினார். ஒருவர் உடைந்த தாழ்ப்பாளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் மட்டமான சரக்கு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் காலனி சங்கச் செயலாளர் சிவராமன் அங்கிள் ஷூவைக்கூடக் கழற்றாமல் படுக்கையறை வரை போய்விட்டு வந்து, தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"உங்க வீட்டுல வேலை செய்யறது பெரும்பாக்கத்துலேர்ந்து வர்ற பொண்ணுதானே? அப்புறம் என்ன. ஓப்பன் அண்ட் ஷட் கேஸ்."

செல்வி அக்காவைத்தான் சொன்னார். அவர் முன்பு எங்கள் பக்கம் ஆற்றோரத்தில் குடியிருந்தவர். சில வருடங்களுக்கு முன் வந்த வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்த எல்லோரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். போன பிறகும் எங்கள் வீட்டு வேலையை விடாமல் பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். ஞாயிறு அவருக்கு விடுமுறை. வெள்ளத்தின்போது சிவராமன் அங்கிளின் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டியதும் இதே செல்வி அக்காதான். இப்போது அவருடைய பெயர்கூட அங்கிளுக்கு நினைவில்லை. முகவரி மட்டும் நினைவிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

"அங்கிள், ஆதாரம் பேசும். நீங்க பேசாதீங்க. முதல்ல எல்லாரும் வெளியே போங்க" என்றேன்.

அம்மாவின் பழைய துப்பட்டாவை வாசலுக்குக் குறுக்கே கட்டினேன். செல்வி அக்கா குற்றமற்றவர் என்று போலீஸ் வருவதற்குள் விஞ்ஞானப்படி நிரூபித்துவிட வேண்டும். அதுதான் திட்டம். திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. செய்தவள் நான் என்பதைத் தவிர.

முதலில் சமையலறைத் தரையில் இருந்த சேற்றுக் காலடிகளைப் படம் எடுக்க வேண்டும். அளவு காட்ட ஒரு ஸ்கேல் தேடிக்கொண்டு வருவதற்குள் தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. அம்மா கையில் மாப்.

"என்னம்மா பண்ணின?"

"நாலு பேர் வந்துபோற நேரம். தரை அப்படியா கிடக்கணும்?"

"அது திருடனோட கால்மா."

"அதான் துடைச்சேன். அந்தக் கால் பட்ட இடத்துல நான் எப்படி நின்னு சமைப்பேன்?"

இதற்குக் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை. அடுத்தது பாதி கடித்த அச்சு முறுக்கு. எச்சில் இருக்கிறது, எச்சிலில் டி.என்.ஏ. இருக்கிறது. (தின்னும் பொருளைக் காகித உறையில் போட வேண்டும், பிளாஸ்டிக்கில் போட்டால் பூசணம் பிடிக்கும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.) பதற்றத்தில் காகித உறை கிடைக்காமல் ஒரு தட்டில் வைத்து மூடி, சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பிறகு பீரோவுக்குப் போனேன்.

கரும்பச்சை இரும்பு பீரோ. முகப் பவுடரைத் தூவி, என் மேக்கப் பிரஷ்ஷால் மெல்லத் தடவினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தித் தடவினேன். இன்னும் தெரியவில்லை. மேலும் தூவி, மேலும் அழுத்தித் தேய்த்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் திடீரென்று நான்கு விரல்களும் கட்டைவிரலும் வெள்ளையாகத் தெளிந்து வந்தன. அப்படி ஒரு அழகான ரேகையை நான் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. செல்லோடேப்பால் ஒற்றி எடுத்துக் கறுப்புச் சார்ட் அட்டையில் ஒட்டினேன். கீழே வெள்ளைப் பேனாவால் தேதி, இடம், என் கையெழுத்து எல்லாம் போட்டு, தலைப்பும் எழுதினேன்: "குற்றவாளியின் வலது கை."

வெற்றியோடு வெளியே வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். தட்டு காலி.

"அப்பா, அதுல இருந்தது எங்கே?"

"காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல்லம்மா. யாரோ பாதி தின்னுட்டு வச்சிருந்தாங்க. நீதான்னு நினைச்சேன்."

திருடனின் எச்சில் என்று தெரிந்ததும் அப்பா பின்பக்கக் குழாயடிக்கு ஓடினார். அவர் வாய் கொப்பளிக்கும் சத்தத்துக்கு நடுவில்தான் எஸ்.ஐ. ஜீப்பிலிருந்து இறங்கினார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தவர் பீரோ முன் நின்றார். இரும்பு பீரோ கோகுலாஷ்டமிக்கு மாவு பூசினது போல இருந்தது.

"இந்தப் பவுடர் யாரு போட்டது?"

"நான்தான் சார். தடயவியல் மாணவி" என்று அட்டையை நீட்டினேன். அவர் தலைப்பைப் படித்தார், என்னைப் பார்த்தார், அட்டையைப் பத்திரமாக வாங்கிக்கொண்டார். அவர் பத்திரமாக வாங்கியதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

பிற்பகலில் கைரேகைப் பிரிவிலிருந்து ஒரு அம்மா பெட்டியோடு வந்தார். பீரோவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பிரஷ் நுனி பட்டும் படாம இருக்கணும்மா. நீ பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்ச்சிருக்க. இருந்த ரேகையெல்லாம் போச்சு" என்றார். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பிறகு எங்கள் மூவரின் கைரேகையையும் எடுத்தார். வீட்டுக்குள் புழங்குகிறவர்களின் ரேகையை எடுத்துக் கழித்த பிறகுதான் மிச்சம் இருப்பது அந்நியனுடையது என்று சொல்ல முடியும் என்றார். முதல் பருவத்திலேயே படித்த பாடம். "வேலைக்கு வர்றவங்க யாராவது உண்டா?" என்று அவர் கேட்டதும் செல்வி அக்காவின் பெயரைச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை செல்வி அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்தே அவரைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிவிட்டார்கள். அங்கே அவருடைய ரேகையை எடுத்து ஒப்பிட்டதில், என் கறுப்பு அட்டையில் இருந்த வலது கை அவருடையது.

அம்மாவின் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் பறந்தேன். செல்வி அக்கா சுவரோரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலனி சார்பில் என்று வந்திருந்த சிவராமன் அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அவங்க தினமும் அந்தப் பீரோவைத் துடைக்கிறவங்க. கைரேகை யார் தொட்டாங்கன்னு சொல்லும். எப்போ தொட்டாங்க, எதுக்குத் தொட்டாங்கன்னு சொல்லாது" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"கரெக்ட்டும்மா. ஆனா இங்க வேற மாதிரி எழுதியிருக்கே" என்று எஸ்.ஐ. அட்டையைத் திருப்பிக் காட்டினார். குற்றவாளியின் வலது கை. கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே ஒரு கோடு வேறு.

என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை.

"நான் எழுதினது தப்பு சார்."

"படிச்ச பொண்ணு எழுதியிருக்கே, தப்பா இருக்குமா?" என்றார் சிவராமன் அங்கிள்.

அவ்வளவுதான், வெடித்துவிட்டேன். "அங்கிள், நீங்களும்தான் ஷூக் காலோட எங்க பெட்ரூம் வரைக்கும் போனீங்க. உங்களை ஏன் யாரும் பெஞ்சுல உட்கார வைக்கல? உங்களுக்கு மட்டும் ஏன் காபி?" காவல் நிலையமே திரும்பிப் பார்த்தது. "ஏம்மா, மெதுவா" என்றார் எஸ்.ஐ. என்னால் மெதுவாக முடியவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. கைக்குட்டை இல்லை. மேசையில் இருந்த ஏதோ தாளை எடுத்து மூக்கைத் துடைத்தேன். (அது இன்னொருவர் கொடுத்திருந்த புகார் மனு.)

அந்த நேரத்தில் அம்மா உள்ளே வந்தாள். ஆபீசிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் வீட்டில் குரல் உயர்த்தாதவள் அவள் ஒருத்திதான். அன்றும் உயர்த்தவில்லை.

"சார், எங்க வீட்டுப் பின்கதவுச் சாவி ஒண்ணு செல்வி கிட்டதான் இருக்கு. வருஷக்கணக்கா இருக்கு. திருடணும்னா திறந்துட்டு வருவா. கதவை எதுக்கு உடைக்கணும்?"

அங்கிளின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. செல்வி அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"அதத்தான் காலைலேர்ந்து சொல்லிகினு கீறேன். இவங்க யார்னா காது குடுத்தாங்களா? சாவி கையில வச்சிகினு நான் இன்னாத்துக்குக் கடப்பாரை தூக்கினு வரணும்? நேத்து எங்க பில்டிங்ல லிப்ட் ரிப்பேரு. ஆபீஸ் முன்னால நின்னு சண்ட போட்டுகினு இருந்தேன். அத்தினி சனம் பார்த்துச்சு. போய்க் கேளுங்க."

போன் போட்டுக் கேட்டார்கள். சண்டையை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை. மதியத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி நடந்து பஸ் ஏறிவிட்டார்.

திருடன் பிறகு பம்மலில் பிடிபட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்து உடைத்திருக்கிறான். இன்னொரு வீட்டில் விட்டுப்போன கைரேகையால் சிக்கினான். அந்த வீட்டில் தடயவியல் படித்தவர்கள் யாரும் இல்லை. கீபோர்டு திரும்பி வந்தது, வளையல்களும் என் லேப்டாப்பும் வரவில்லை. சிவராமன் அங்கிள் கிறிஸ்துமஸ் அன்று கேக் சாப்பிட வந்தார். "அந்தப் பொண்ணை நான் எப்பவும் சந்தேகப்பட்டதே இல்ல" என்றார். கேக்கை அவருக்கு அம்மாதான் கொடுத்தாள். நான் கொடுத்திருந்தால் தட்டு நேராகப் போயிருக்காது.

செல்வி அக்கா வேலைக்கு வரவில்லை. நானும் அம்மாவும் பெரும்பாக்கம் போனோம். லிப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க மாடி ஏறிக் கதவைத் தட்டினோம். உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"உன் மேல கோவம் இல்ல பாப்பா" என்றார். கொஞ்சம் யோசித்தார். "இல்ல, பொய் சொல்லக் கூடாது. கோவம் கீது. எனக்கு நல்லது செய்றேன்னு சொல்லி என்னியே ஸ்டேஷன்ல குந்த வச்சிட்டியே. உனக்கு என் மேல கோவம் இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

டீயைக் குடித்தேன்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்தார், ஒரு நிபந்தனையோடு. வீட்டில் எதை வேண்டுமானாலும் துடைப்பார், பீரோவைத் தொட மாட்டார். அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து பீரோ துடைப்பது என் வேலை. நான் இப்போது படிப்பு முடித்து ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு மற்றவர்கள் விட்டுப்போனதை ஆராய்கிறேன். சனிக்கிழமை வீட்டில் இருந்தால் துணியை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் போகிறேன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள், அப்பா முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார் (முறுக்கை மட்டும் விட்டுவிடுவார், அம்மா சேர்ப்பாள்). செல்வி அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"நல்லா அழுத்தித் தொடை பாப்பா. கைப்பிடியாண்ட இன்னும் நல்லா. உன் ரேகையாவே நெறைய விழட்டும். இன்னொரு வாட்டி எதுனா காணாப் போச்சுனா, உன்னியே இட்டுனு போவட்டும்."