கவர் பிரிக்காதவர்

கவர் பிரிக்காதவர் என்றொரு மனித இனம் உண்டு. பொருளை வாங்குவார், உறையைப் பிரிக்க மாட்டார். புது சோபாவின் பாலிதீன் சரசரக்க உட்கார்ந்து, வியர்த்து, தொடை ஒட்டிக்கொள்ள எழுந்து, "ஆறு வருஷம் ஆச்சு, பாருங்க, புத்தம் புதுசு" என்பார். யாருக்காகப் புதுசு? அதைக் கேட்கக் கூடாது.

இந்த இனத்தின் மாணிக்கம் நான் வேலை பார்க்கும் அம்பத்தூர் கம்பெனியில் இருக்கிறார். பெயர் பாண்டியன், ஸ்டோர் கீப்பர். போன மாதம் ஒரு ரோபோ பெல்ட் வந்தது. இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு குனிந்தால், நிமிரும்போது அதன் மோட்டாரும் முதுகோடு சேர்ந்து தூக்கும். நாளெல்லாம் கியர் பெட்டிகளை லாரியில் ஏற்றும் கஜபதிக்காகத்தான் வாங்கினார்கள். இனியும் வெறும் முதுகில் தூக்கினால் ஆபரேஷன்தான் என்று அவருக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

பாண்டியன் பெல்ட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பீரோவில் பூட்டிவிட்டார்.

"அண்ணாத்தே, பெல்ட்ட குடு" என்றார் கஜபதி.

"இன்னிக்கு லோடு கம்மிதானே நைனா. அத்த ஏன் வேஸ்ட் பண்ணிகினு?"

மறுநாள் லோடு அதிகம்.

"இவ்ளோ லோடுக்குப் போட்டா தேஞ்சிடும்பா."

"அப்போ என் இடுப்பு?"

"அது பழசுதானே."

மேனேஜர் ரேணுகா மேடம் சத்தம் போட்ட பிறகு பெல்ட் வெளியே வந்தது. கவரோடு. கவரைப் பிரிக்காமலே மாட்டவும் வைத்தார் பாண்டியன். கஜபதி பெட்டியைத் தூக்கினார். பாலிதீன் வழுக்கி பெல்ட் முட்டிக்கு இறங்கியது. பெட்டி அவர் கால் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது. பாண்டியன் பதறி ஓடினார், பெல்ட்டிடம்.

"கீறல் எதுனா கீதா பாரு."

கஜபதி பெல்ட்டைக் கழற்றினார். பல்லால் கவரைக் கடித்து டர்ரென்று கிழித்தார். பெல்ட்டைச் சட்டைமேல் இறுக்கிக் கட்டி, குனிந்து, நிமிர்ந்தார். பெட்டி கூடவே வந்தது.

"வலிக்கல மாமே" என்றார், யாரிடமென்றில்லாமல். அடுத்த பெட்டிக்கு அவரே ஓடினார்.

நாங்கள் எல்லோரும் கஜபதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாண்டியன் மட்டும் கிழிந்த கவரைப் பொறுக்கி, தொடையில் வைத்துத் தடவி, நாலாக மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

சிரிக்கிறீர்கள். என்னைக் கை காட்டாதீர்கள். எங்கள் வம்சத்தின் முதல் டிகிரி என்னுடையது, அதை லேமினேஷன் செய்து மேலே ஒரு கவரும் போட்டிருக்கிறேன் என்றால், அது வேறு விஷயம். உங்கள் வீட்டு டிவி ரிமோட் இப்போது என்ன உடுத்தியிருக்கிறது?