முள்ளம்பன்றி கேட்ட ரெண்டு டைமன்

ஒரு காட்டில் குளம் ஒன்றுதான். சீட்டாட்ட மன்றங்கள் மூன்று. கோடையில் குளத்தங்கரை நாவல் நிழல் யாருக்கு என்பதை பிரிட்ஜ் ஆடித்தான் முடிவு செய்வார்கள். தோற்ற ஜோடிக்கு வெயில் கொதிக்கும் பாறைக்குழி.

போன கோடை பாறைக்குழியில் கிடந்ததில் முள்ளம்பன்றி தணிகாசலத்தின் மனைவிக்குப் பாதி முள் உதிர்ந்துவிட்டது. இந்த முறை தோற்கக் கூடாது. நானூறு பக்க பிரிட்ஜ் புத்தகம் ஒன்றைத் தணிகாசலம் தானே படித்து, கூட்டாளி காட்டெருமை பேச்சிமுத்துவுக்குப் பாடம் எடுத்தது.

"ஆட்டினும் இஸ்பேடும் பெரிய ஜாதி. ரெண்டு பேர் கையிலும் சேர்ந்து எட்டுச் சீட்டு இருந்தா பொருத்தம். அதைத் துருப்பாக்கணும். நான் ஏலத்துல 'ரெண்டு டைமன்'னு சொன்னா, எங்கிட்ட அஞ்சு ஆட்டின் இருக்குன்னு அர்த்தம். உடனே நீ 'ரெண்டு ஆட்டின்' சொல்லணும்."

"ஆட்டின் இருந்தா ஆட்டின்னே சொல்லிரலாமே அண்ணே?"

"அது பாமரத்தனம்."

எதிர் ஜோடி இரண்டு நரிகள். அவை புத்தகம் படித்ததில்லை. ஆட்டின் இருந்தால் ஒரு இருமல், இஸ்பேடு இருந்தால் இரண்டு. காடே அறிந்த இந்த ரகசியம் நடுவர் யானைக்கு மட்டும் தெரியாது. "பாவம், தூசு" என்று அது இரண்டுக்கும் துளசி இலை கொடுத்தது.

கடைசி ஆட்டம். பேச்சிமுத்து 'ஒரு நோ டிரம்ப்', அதாவது துருப்பில்லா ஆட்டம், என்று ஏலத்தைத் தொடங்கியது. தணிகாசலம் கையில் அஞ்சு ஆட்டின், ஒரே ஒரு டைமன். முள் சிலிர்க்க, "ரெண்டு டைமன்" என்றது.

கூட்டாளியின் ஏலத்துக்கு எதிராளி அர்த்தம் கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு நரி கேட்டது: "என்ன மாமா, உங்க ஆளு என்ன சொல்றாரு?"

பேச்சிமுத்து நெஞ்சை நிமிர்த்தியது. "அவருகிட்ட டைமன் கிடையாது. அஞ்சு ஆட்டின் இருக்கு. நான் ரெண்டு ஆட்டின் சொல்லணும்."

நரி பாஸ் சொன்னது.

பேச்சிமுத்துவும், "பாஸ்" என்றது.

மற்ற நரியும் அவசரமாக பாஸ் சொல்ல, ஏலம் முடிந்தது. கடைசியாகக் கேட்ட டைமன்தான் துருப்பு. பேச்சிமுத்து விதிப்படி தன் சீட்டுகளை மேசையில் விரித்தது. மூன்று ஆட்டின், பொருத்தமாகப் பல்லிளித்தன. எட்டுப் பிடி வேண்டிய இடத்தில் தணிகாசலம் பிடித்தது நாலு. நாவல் நிழல் போயிற்று.

"ஏன்டா பாஸ் சொன்னே?"

"ரெண்டு ஆட்டின்னு நரி கேட்டப்பவே எல்லார் காதுலயும் விழச் சொன்னேனே? ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்றது அண்ணே!"

யானை பேச்சிமுத்துவின் நேர்மையைப் பாராட்டி ஒரு சான்றிதழ் கொடுத்தது. நரிகள் நிழலில் நீட்டிப் படுத்தன. அங்கே போனதும் இருமல் நின்றுவிட்டது. குளத்துக் காற்று அப்படி.

பாறைக்குழிக்குப் போகும் வழியெல்லாம் புழுதி. மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்த தணிகாசலத்துக்குத் தொண்டை கமறியது. ஒரு தடவை இருமியது.

பேச்சிமுத்து சட்டென்று திரும்பியது.

"ஆட்டினா அண்ணே?"

நீதி: பொருத்தம் பார்க்கப் புத்தகம் எதற்கு? சளி போதும்.