பிள்ளையாரையும் மாற்றிவிட்டார்கள்

எனக்கு யாரையும் நம்பத் தெரியாது. இதை என் அம்மா சாமர்த்தியம் என்பாள். என் கணவர் வியாதி என்பார். காஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் உள்ளே விடமாட்டேன். காய்கறி வண்டிக்காரர் “மேடம், ஆஜ் கா மால் ஹை”, இன்றைய சரக்கு என்று சொன்னால் அது நேற்று வந்தது என்று புரிந்துகொள்வேன். (அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் முந்தாநாள் வந்தது.) போதாக்குறைக்கு, நான் வேலை பார்ப்பது மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் தணிக்கைப் பிரிவில். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதை நான் வீட்டுக்கும் எடுத்து வந்து இலவசமாகச் செய்கிறேன்.

என் கணவர் ரகு இதற்கு நேர் எதிர். பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்டவனிடம்கூட, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தார். இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து பழைய கார் ஒன்று வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

நாங்கள் இருப்பது தில்லியில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். எனக்கு கார் ஓட்டத் தெரியும், கார்களைப் பற்றித் தெரியாது. ரகுவுக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் உலகத்துக் கார்கள் அத்தனையையும் பற்றித் தெரியும். எல்லாம் யூடியூப் படிப்பு. கார் வாங்குவது என்று முடிவானதும் அவர் ஒரு கொள்கையை முன்வைத்தார். எது அதிகமாக விற்றதோ அதைத்தான் வாங்க வேண்டும். கோடிக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஏமாற மாட்டார்களாம்.

ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் இதே பேச்சு. உலகத்திலேயே அதிகம் விற்றது கொரோலா, ஐந்து கோடிக்கும் மேலே. பீட்டில் கிட்டத்தட்ட ஒரே உருவத்தோடு இரண்டு கோடியைத் தாண்டியது. அமெரிக்காக்காரன் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டியைத்தான் வருஷா வருஷம் ஓடி ஓடி வாங்குகிறான். ரஷ்யாவில் தீப்பெட்டி மாதிரி ஒரு வண்டி ஊரெல்லாம் ஓடியது. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அந்தக் கொரோலா அன்றிலிருந்து இன்றுவரை ஒரே வண்டிதானா என்று கேட்டேன். இல்லை, தலைமுறைக்குத் தலைமுறை இன்ஜின், பாடி எல்லாம் மாறிவிட்டது, பெயர் மட்டும் அதேதான் என்றார்.

“உள்ள இருக்கிறதெல்லாம் மாத்திட்டு, பேரை மட்டும் வச்சுக்கிட்டு, அதே வண்டின்னு கணக்கு காட்டினா அது மோசடி இல்லையா?” என்றேன்.

ரகு அப்பளத்தை நொறுக்கி ரசத்தில் போட்டுக்கொண்டார். நான் ஒரு தணிக்கைக் குறிப்பில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.

கடைசியில் அவருடைய கொள்கைப்படியே, தில்லியில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் மேலே படக்கூடிய அந்தச் சின்ன வெள்ளைக் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினோம். (பெயர் வேண்டாம். வண்டி மேல் தப்பில்லை.) விற்றவரை நான் படுத்திய பாட்டைத் தனியாக எழுத வேண்டும். காந்தத்தைக் கொண்டுபோய்க் கதவு கதவாக ஒட்டவைத்து, அடிபட்ட இடத்தை மறைக்கப் புட்டி பூசியிருக்கிறதா என்று பார்த்தேன். பணம் கைமாறிய அன்று சாயங்காலமே என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துப்போய் பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்டீரியோ எல்லாவற்றின் மேலும் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். சர்வீஸுக்கு விட்டால் பாகங்களை மாற்றிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வண்டி சுமங்கலி மாதிரி இருந்தது.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜனவரிக் குளிர். அன்று சாயங்காலம் எங்கள் மகள் அனுவுக்கு மந்திர் மார்க்கில் ஒரு சபாவில் நடன நிகழ்ச்சி. மாதக்கணக்காக தரை அதிர அதிரக் கீழ்வீட்டுக்காரர்களைப் பகைத்துக்கொண்டு ஆடிப் பழகியிருந்தாள். அவளைக் காலையிலேயே அங்கே விட்டுவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த நடன உடையை வாங்க நானும் ரகுவும் மார்க்கெட்டுக்குப் போனோம். உடையை வாங்கி டிக்கியில் வைத்துப் பூட்டிய பிறகுதான் தலைக்குப் பூவும் சவுரியும் வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பவும் கடைக்குப் போக வேண்டும்.

அந்தப் பார்க்கிங்கில் சாவியை அங்கிருப்பவரிடமே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்தடுத்து வருகிற வண்டிகளுக்கு இடம் பண்ண அவர் நம் வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியும் இருக்கிறது, சோப்பில் அழுத்தி அச்சு எடுத்துவிட்டால்? ஆகவே, கார் சாவியை மட்டும் தனியாகக் கழற்றிக் கொடுத்தேன். கொத்திலேயே இருந்திருந்தால், அதில் தொங்கும் பெரிய மஞ்சள் யானைப் பொம்மையைப் பார்த்து அந்த மனிதர் சரியான சாவியை எடுத்திருப்பார். மொட்டைச் சாவிக்கு ஏது அடையாளம்?

பூவோடு திரும்பி வந்தோம். அவர் எங்களைப் பார்த்ததும் ஒரு வெள்ளைக் காரை வளைத்து ஓட்டிவந்து எங்கள் முன்னால் நிறுத்தி, “லீஜியே மேடம், ஆப் கீ காடி” என்றார். பின்னால் ஹாரன் சத்தம். ஏறி உட்கார்ந்து கிளப்பினேன்.

சீட் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது. பார்க்கிங்காரர் தள்ளியிருப்பார், சரி. சிக்னலில் நின்றபோது ரகு திருப்தியாகக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

“ஹீட்டர் நல்லா வேலை செய்யுதே மல்லிகா. இத்தனை நாளா சரியாவே வரலையே.”

எனக்குச் சுருக்கென்றது. இருபது நிமிடத்தில் ஹீட்டர் தானாகச் சரியாகுமா? கியரைப் போட்டேன், வெண்ணெய் மாதிரி விழுந்தது. எங்கள் கியர் அப்படி விழாது, கெஞ்ச வேண்டும். ஸ்டீரியோவைப் பார்த்தேன். சிவப்புப் பொட்டைக் காணோம். பிறகு கண் மேலே போனது. டாஷ்போர்டில் நான் ஒட்டிவைத்திருந்த பித்தளைப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பிள்ளையார் ஒற்றைக் காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்.

ஓரமாக நிறுத்தினேன். பானெட்டைத் திறந்தால் பேட்டரியில் பொட்டு இல்லை. இந்த இடத்தில், சாதாரண மூளை உள்ளவர்கள் இது வேறு வண்டி என்று நினைப்பார்கள். ரகுவே லேசாக அப்படி ஆரம்பித்தார். நான் விடவில்லை. நம் வண்டியின் உள்ளே இருந்த எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள், இது பெரிய கும்பல் வேலை என்றேன். மாற்றுகிறவன் எதற்கு நல்ல ஹீட்டராகப் போட வேண்டும் என்று அவர் கேட்டார். கண்ணுக்குத் தெரிவதை நன்றாகப் போட்டுவிட்டு, தெரியாததை உருவிக்கொள்வதுதான் அவர்கள் தந்திரம் என்று விளக்கினேன். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில், நம்புவதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதர் என்னையும் நம்பிவிட்டார். வண்டி நம்பரை இருவரில் ஒருவராவது பார்த்திருக்கலாம். நம்பர் எங்களுக்கு இன்னும் மனப்பாடம் ஆகியிருக்கவில்லை.

திடீரென்று உடை ஞாபகம் வந்தது. டிக்கியைத் திறந்தேன். உடை இல்லை. அதற்குப் பதிலாக, துணி சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஒரு பெரிய மூட்டையும், பக்கத்தில் பளபளப்புத் தாள் ஒட்டிய ஒரு வட்டமான பொட்டலமும் இருந்தன. அதே நேரம் அனு போன் செய்தாள். மேக்கப் முடிந்துவிட்டதாம், டீச்சர் உடையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்.

“அம்மா, மிஸ் பார் பார் பூச்சறாங்க. காஸ்ட்யூம் கஹான் ஹை? ஜல்தி வா மா.”

வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி நேராக மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டினேன். திருட்டுப்போன காரை, திருடியவளே ஓட்டிவந்து, ஸ்டேஷன் வாசலில் ஒழுங்காகப் பார்க் செய்து, இறங்கிப் போய்ப் புகார் கொடுத்தது அந்த ஸ்டேஷன் சரித்திரத்தில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் வயதானவர், பொறுமைசாலி. நான் என் அலுவலக ஹிந்தியில், பேட்டரி, ஸ்டீரியோ, ஹீட்டர், கியர், சீட் கவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “சப் பதல் தியா” என்று ஒவ்வொன்றுக்கும் முடித்தேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். பிள்ளையாரையும் மாற்றிவிட்டார்கள் என்றபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வண்டி நம்பர் என்ன என்றார். வெளியேதான் நிற்கிறது, நீங்களே பாருங்கள் என்று எழுந்தேன்.

ஒரு கான்ஸ்டபிளும் கூட வந்தார். அவர்தான் டிக்கியைத் திறந்தவர். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக இரண்டு அடி பின்னால் வைத்தார்.

“சாப், டிக் டிக் கர் ரஹா ஹை.”

எல்லோரும் காதைத் தீட்டினோம். அந்தப் பளபளப்புப் பொட்டலத்திலிருந்து டிக், டிக், டிக். துணி மூட்டையின் மேல்பக்கம் விலகியிருந்த இடத்தில் ஒரு பிரஷர் குக்கரின் கைப்பிடி தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் இது உங்களுடையதா என்று கேட்டார். இல்லை, என்னுடையதையெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அந்தப் பதில் எனக்குச் சாதகமாக இல்லை என்பதை அவர் முகம் சொன்னது.

அடுத்த சில நிமிடங்களில் ஸ்டேஷன் வாசல் காலியானது. கயிறு கட்டினார்கள். மணல் மூட்டைகள் வந்தன. எங்கேயோ போன் போனது. என்னையும் ரகுவையும் சுவர் ஓரமாக, தனித்தனியாக, ஆளுக்கு ஒரு காவலரோடு நிறுத்தினார்கள். பூப்பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். (அவர்கள் பார்த்தது சரிதான். நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.) எனக்கு அரசாங்க வேலை போவதும், ஊரில் அம்மா டிவியில் என் முகத்தைப் பார்ப்பதும், உடை இல்லாமல் அனு மேடை ஓரத்தில் நிற்பதும் மாறி மாறிக் கண்முன் வந்துபோயின. ரகு தன் காவலரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். காவலருக்கும் கார் வாங்கும் எண்ணம் இருந்ததாம். கொரோலாவைப் பற்றிச் சொன்னாராம்.

அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. தடித்த ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவரும் சால்வை போர்த்திய அவர் மனைவியும் இறங்கினார்கள். அந்தப் பெரியவர், சத்பால் ஜி, தன் கார் திருட்டுப்போய்விட்டது என்று புகார் கொடுக்க வந்தவர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தன் கார் தனியாக நிற்பதைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிட்டார். அவர் மனைவி நிற்கவில்லை. போலீஸ்காரர்கள் கத்தக் கத்தக் கயிற்றைத் தாண்டிப் போய், டிக்கியில் குனிந்து, அந்தக் குக்கரை இரண்டு கையாலும் நிமிர்த்தி வைத்தார்.

“காஜர் கா ஹல்வா ஹை. டேடா ரக்கா துமனே, கீ நிக்கல் ரஹா ஹை.”

சாய்த்து வைத்ததில் நெய் ஒழுகுகிறதாம். மருமகள் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அவர் கையால் கிண்டிய கேரட் அல்வா. டிக் டிக் என்றது அன்பளிப்புச் சுவர்க் கடிகாரம்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் ரகுவைப் பார்த்தேன். ரகு பிளாஸ்டிக் பிள்ளையாரைப் பார்த்தார். என்னை உள்ளே வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். சத்பால் ஜி நடந்தது முழுவதையும் கேட்டார், பேட்டரியில் பொட்டு வைத்த இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னார், பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புகார் எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அப்போதுதான் நான் அழுதேன். மகள் மேடையில் ஏற வேண்டும், உடை என் காரில் இருக்கிறது, என் கார் எங்கே இருக்கிறதோ தெரியாது என்று தமிழிலேயே சொல்லி அழுதேன். அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் என் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினார்.

பார்க்கிங்கில் எங்கள் வண்டி வெயில் காய்ந்துகொண்டு நின்றது. உடையை எடுத்தோம். என்னை ஓட்ட விடாமல், சத்பால் ஜியே தன் காரில் எங்களை மந்திர் மார்க்குக்கு அழைத்துப் போனார். அனுவைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆடினாள். அவர்கள் இருவரும் விழாவுக்குப் போகாமல் கடைசிவரை இருந்து பார்த்தார்கள். திரைக்குப் பின்னால், சலங்கையைக் கழற்றாத பிள்ளைகள் குக்கரைச் சுற்றி உட்கார்ந்து அல்வாவை வழித்து முடித்தார்கள். மருமகள் வீட்டுக்குக் கடிகாரம் மட்டும்தான் போனது. அந்த வீட்டில் அதற்காக எங்கள் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு என்று கேள்வி.

வீட்டில் எனக்கு அன்றோடு மரியாதை போயிற்று. சாம்பாரில் உப்புக் கூடினால், “மாத்திட்டாங்க” என்கிறாள் அனு. சத்பால் ஜி போன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னால் நான் மல்லிகாதானா என்று கேட்கிறார். அலுவலகத்துக்கும் எப்படியோ தெரிந்து, என் நாற்காலியை மாற்ற வந்தவர்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றினார்.

போன வருடம் ரகு மூன்று மாதப் பயிற்சிக்காக ஹைதராபாத் போனார். திரும்பி வந்தவர் கொஞ்சம் இளைத்திருந்தார். மீசையை எடுத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய், யாரும் சொல்லாமல், தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். கல்யாணமான நாளாக நடக்காத விஷயம். அனு என் காதோரம் வந்து தன் சந்தேகத்தைச் சொன்னாள்.

“அம்மா, எனக்கு ஷக்கா இருக்கு. அப்பாவை மாத்திட்டாங்க.”

சிரித்தேன். சிரித்துவிட்டு, அவர் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டு ஒருமுறை பார்த்தேன்.