ஏணி வழக்கில் என் மகள் சொன்ன தீர்ப்பு

மதிப்பிற்குரிய மச்சான் பேச்சிராஜா அவர்களுக்கு,

தாராவியிலிருந்து கணேசபாண்டியன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மீனாட்சியும் நலம். மழைக்கு முன்பே நிரம்பிவிட்ட எங்கள் சந்துச் சாக்கடையும் நலம். அங்கே அனைவரும் சுகமென்றே நம்புகிறேன்.

உங்கள் மருமகள் விஜயராணி சட்டம் முடித்து ஆராய்ச்சி செய்கிறாள் என்றபோது, கோர்ட்டுக்குப் போகாத வக்கீலா என்று சிரித்தீர்கள். கோர்ட்டுக்குப் போகாமலே, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவரை வைத்து வழக்கைத் தீர்ப்பதுதான் மச்சான் அவள் ஆராய்ச்சியே, செம்பூரில் பிள்ளைகள் படிப்பைப் பீற்றிக்கொள்ளும் என் சித்தப்பா வீட்டில்கூட இப்படி ஒரு படிப்பு கிடையாது. பேக் விற்கிற என் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜெயினுலாப்தீன் பாயின் இரும்பு ஏணி என் கடை வாசலில்தான் இறங்குகிறது, வருகிற கஸ்டமரெல்லாம் தலையை இடித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், ஏணியைப் பின்பக்கம் மாற்றச் சொல்லிப் பேசி, ஏசி, கடைசியில் பேச்சே நின்றுபோனது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்தில் சொந்தக்காரனைத்தானே உட்காரவைப்போம், அதே நினைப்பில் என் மகளே நடுவர் என்று சொல்லிவிட்டேன். அவளோ, கட்சிக்காரரின் மகள் நடுவராக இருக்கக் கூடாது, தகராறு வந்த பிறகு இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் மட்டும் உண்டு என்றாள். பாய் எங்கே கொடுக்கப்போகிறார் என்று வாடிப்போனேன். அவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க மேலதான் எனக்கு நம்பிக்க கெடையாது. அந்தப் புள்ள மேல உண்டு."

பாவம், மனுசன் ஏமாந்துட்டாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

விசாரணையன்று அவள் நம்ம வீட்டு டீயைத் தொடவில்லை. கட்சிக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டாளாம். ஏட்டீ, பெத்தவளுமா கட்சிக்காரி என்று உங்கள் தங்கை கரண்டியோடு நிற்கிறாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது இதுதான் போல. என்னை அப்பா என்றும் கூப்பிடவில்லை, மிஸ்டர் கணேசபாண்டியன் என்றாள், எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பாய் சம்சாரம் சைனப் தண்ணிக் குடத்தோடு ஏணி ஏறுவதை நின்று பார்த்தாள், பின்பக்கம் போய் டேப் வைத்து அளந்தாள், பிறகு சந்தே கூடி நிற்கத் தீர்ப்புச் சொன்னாள்.

"பின்னால ஏணி வைக்க எடம் இல்ல. அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். வாசல்ல இருக்க ஷோகேஸைச் சுத்திப் போகத்தான் எல்லாரும் ஏணிக்கடியில நுழையிறாங்க. மிஸ்டர் கணேசபாண்டியன் ஷோகேஸை உள்ள எடுத்துக்கணும்."

தோற்றுவிட்டேன் மச்சான். ஷோகேஸை நானும் பாயுமே சேர்ந்து உள்ளே தள்ளினோம். பெத்த அப்பனுக்கு எதிராக, குரல் நடுங்காமல் தீர்ப்புச் சொல்ல எத்தனை பிள்ளைகளால் முடியும்? கண் கலங்கிட்டுது. தோத்ததுக்கா அழுதிய என்று பாய் கேட்டார், ஆமா என்று சொல்லிவைத்தேன். இப்போது கஸ்டமர் நேராக உள்ளே வருகிறான்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். விஜயராணி பேரைச் சொல்லி இசக்கியம்மனுக்கு ஒரு தேங்காய் உடையுங்கள்.

இப்படிக்கு,
நடுவரைப் பெற்ற தகப்பன்,
கணேசபாண்டியன்

பின்குறிப்பு: நம் இருவருக்கும் இடையே இழுத்துக்கொண்டிருக்கும் கிணற்றுப் பங்கு விஷயமாக அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். விஜயராணியும் கூட வருவேன் என்கிறாள். மச்சான், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவள் முன்னால் கிணறு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நாம் வழக்கம்போல் சத்தம் போட்டே தீர்த்துக்கொள்வோம்.