பெரியக்கா வந்தே ஆகணும்

"பெரியக்கா வராம கூட்டமே கிடையாது!" என்று குழுவில் செய்தி வந்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு மீசை துடித்தது. பெரியக்கா அவர்தான்.

முழுக் குற்றமும் அவருடையது என்று சொல்லிவிட முடியாது. மூட்டுக்கு மூட்டு உருண்டை வைத்து, உள்ளே ரப்பர் கயிறு ஓடும் பொம்மைகளைச் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு அது. எல்லாரையும் போல அவரும் தன் படத்துக்குப் பதில் பொம்மைப் படத்தைப் போட்டார். சேர்ந்த அன்றே "வாங்க அக்கா" என்று வரவேற்பு வந்தது. திருத்தக் கூச்சமாக இருந்தது. இரண்டே வருஷத்தில் பெரியக்காவாகப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது.

பொம்மைக்குக் கண் மாற்றுவதைப் பற்றி அவர் வேறு யாரிடம் பேசுவார்? ஒர்க்‌ஷாப்பிலா? கழுத்துக் கயிறு அறுந்து தலை உருண்ட அன்றைக்கு, குழுவிலிருந்த குட்டித்தங்கச்சிதான் ஒவ்வொரு முடிச்சாகச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு நேரில் ஒரு நன்றி சொல்லியே தீருவது என்று இருந்தார். ஆனால் இந்த மீசையோடு போய் நின்றால் குழுவை விட்டே துரத்திவிடுவார்களே!

"உடம்பு சரியில்லை" என்று எழுதிப் பார்த்தார்.

"அப்ப கூட்டத்தை உங்க வீட்லயே வச்சுக்கலாம்கா. சூப் நாங்க கொண்டு வர்றோம்."

ஐந்தே நிமிஷத்தில் குணமானார். நேராக மனைவியிடம் போய் நின்றார்.

"எனக்குப் பதிலா நீ போ."

"நானா? அந்தப் பொம்மை நான் போற பக்கமெல்லாம் பார்க்குதுங்க."

"ஒரு மணி நேரந்தான். சிரிச்சுக்கிட்டே தலையாட்டு, குட்டித்தங்கச்சிக்குக் கழுத்து முடிச்சுக்கு ஒரு நன்றி சொல்லு, போதும். காலைப் பிடிச்சு மட்டும் தூக்கிடாத."

"நம்ம பிள்ளையைத் தூக்கறப்பகூட நீங்க இவ்வளவு சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை, நூலகத்து மாடி அறைக்கு மனைவி பொம்மையும் கையுமாக ஏறினாள். அவர் எதிர்ச்சாரியில் வேனுக்குள் பதுங்கிக்கொண்டார். பத்தாவது நிமிஷம் போன் அடித்தது.

"என்னங்க, இங்க நாலு பேர் இருக்காங்க. யாரும் வாயே திறக்கல. சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டுறாங்க."

"குட்டித்தங்கச்சி?"

"குட்டியாவது! என்னைவிட நாலு வயசு மூப்பு. கழுத்து முடிச்சுக்கு நன்றி சொன்னேன். 'எந்தக் கழுத்து?'ன்னு திருதிருன்னு முழிச்சா. போனைத் தூக்கிக்கிட்டு வராந்தாவுக்கு ஓடிட்டா. மத்த மூணு பேரும் பின்னாலேயே போயிட்டாங்க."

போச்சு. கண்டுபிடித்துவிட்டார்கள், வெளியே கூடிப் பேசுகிறார்கள். தன்னால் மனைவி தலைகுனிந்து நிற்கிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. சீப்பை எடுத்து மீசையை வாரினார். என்ன ஆனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிட்டு, நன்றியையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவது. விறுவிறுவென்று சாலையைக் கடந்தார்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "பொம்மைக் கூட்டமா சார்?"

"ஆமா. நான்... நான்தான் பெரியக்கா."

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் கையைக் காட்டினார்.

"மாடிக்குப் போகாதீங்க சார், அங்க வீட்டுக்காரம்மாங்கதான் இருக்காங்க. குட்டித்தங்கச்சியும் மத்த மூணு அக்காங்களும் ஜெனரேட்டர் ரூம் பின்னாடி போனும் கையுமா நின்னு மீசையைத் தடவிக்கிட்டிருக்காங்க."