கொட்டேஷனாரின் கலக்கும் கருவித் தேர்வு

உலகில் நடந்த பெருந்தவறுகளில் பாதி, அவசரப்பட்டுக் கலக்கியதால் நடந்தவை. மீதிப் பாதி, தகுதியில்லாத கருவியைக் கொண்டு கலக்கியதால் நடந்தவை. இந்த உண்மை புரியாமல் மனித குலம் இத்தனை காலமும் கைக்கு அகப்பட்ட கரண்டியால் கண்டதையும் கிண்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவர் பிறந்து, வளர்ந்து, தண்ணீர்க் குழாய் செய்யும் நிறுவனத்தில் கொள்முதல் அதிகாரியாகி, தலையும் நரைக்க வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் அவருக்கு 'கொட்டேஷன்' என்று பெயர். குண்டூசி வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலை எழுதி வாங்காமல் வாங்கமாட்டார். ஒருமுறை அலுவலகக் கூரை ஒழுகியது. அடியில் வைக்க வாளி வேண்டும் என்றார்கள். மூன்று கடைகளுக்கு எழுதிப் போட்டார். மூன்றாவது கடை பதில் அனுப்புவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. நிறுவனத்துக்கு ஒரு வாளியின் விலை மிச்சம். நனைந்து போன கம்ப்யூட்டர்கள் வேறு பிரிவின் கணக்கு. அப்பேர்ப்பட்டவரை வெறும் கொட்டேஷன் என்று சொல்ல நமக்கு நாக்குக் கூசுகிறது. கொட்டேஷனார் என்போம்.

அவர் மனைவி வீட்டில் இருந்தபடியே தைப்பவர். மாலை விருந்துகளுக்குப் போட்டுக்கொள்ளும் சாட்டின் கவுன்கள் கடைத்தெருவிலிருந்து மூட்டையாக வரும். அவற்றுக்குக் கையால் ஓரம் அடிப்பதும் மணி கோப்பதும் அவர் வேலை. சாட்டின் துணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சொரசொரப்பான விரல் பட்டால் இழையை இழுத்துக்கொள்ளும். இழுத்த இழை பிறகு எந்தச் சமாதானத்துக்கும் வராது. அந்த வருடம் அவருடைய விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன.

"ஏங்க, வரும்போது மெடிக்கல்ல ஒரு கை கிரீம் வாங்கிட்டு வாங்க. விரல் துணியில மாட்டுது."

கொட்டேஷனார் மருந்துக்கடைக்குப் போனார். கிரீம் டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் இருந்ததை நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

"கிரீம் எங்க?"

"அதுல என்னென்ன போட்டிருக்கான் தெரியுமா? ஒரு பேரு கூட வாயில நுழையல."

"கிரீமை எதுக்குங்க வாயில நுழைக்கறீங்க?"

"வாயில நுழையாததைக் கையில பூசலாமா? நானே செய்யறேன். சோப்பு, லோஷன் ரெண்டும். சுத்தமா, வீட்டுலயே."

மனைவி பதில் சொல்லவில்லை. கொட்டேஷனார் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்பவர். அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த சம்மதங்கள் அத்தனையும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

மறுநாளே பொருள்கள் வந்துவிட்டன. சோப்புக்கு எண்ணெயும் காஸ்டிக் சோடாவும். லோஷனுக்கு வேறு எண்ணெய், அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் மெழுகுத் துகள் ஒரு பாக்கெட். விவரமில்லாத ஒருவன் என்றால் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் சூடாக்கிக் கலக்கி, ஒரு பாட்டிலில் ஊற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்திருப்பான். கொட்டேஷனார் மேசை முன்னால் உட்கார்ந்து அந்தப் பொருள்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டிய பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதால கலக்கறது?"

அந்தக் கேள்வியோடு அந்த வீட்டில் ஒரு புதிய யுகம் பிறந்தது.

மனைவியின் தம்பி, குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அந்த யுகம் அடுக்களை மேடை முழுவதும் பரவியிருந்தது.

"என்ன மாமா, கிண்ணம் கிண்ணமா எண்ணெயும் தண்ணியும் நிக்குது? கார் சர்வீஸ் ஏதாச்சும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

"ஒவ்வொரு கிண்ணமும் ஒரு கருவி மச்சான். இது முட்டை அடிக்கற கம்பி. இது மரக்கரண்டி. இது காபியை நுரைக்கற பேட்டரிக் குச்சி. எல்லாத்துலயும் எண்ணெய் மேல வந்து நின்னுடுச்சு. அத்தனையும் ஃபெயில்."

"மெழுகு போட்டீங்களா?"

"இல்லை."

"மெழுகு போடாம எப்படி மாமா சேரும்?"

கொட்டேஷனார் புன்னகை செய்தார். டெண்டரில் தோற்றுப் போனவர்களுக்கென்று அவர் தனியாக வைத்திருந்த புன்னகை அது.

"மெழுகு போட்டா எல்லாக் கருவியும் பாஸாயிடும். அப்புறம் தேர்வுக்கு என்ன மரியாதை? ஒரு கருவின்னா சொந்தத் திறமையில சேர்த்துக் காட்டணும். மெழுகைப் போட்டுச் சேர்க்கறது சிபாரிசு."

"ஹேண்ட் பிளெண்டர்னு ஒண்ணு இருக்கே மாமா. கடையில எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க."

"எல்லாரும் வாங்கறதுனாலதான் சந்தேகமா இருக்கு."

தம்பி அடுக்களை வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தான். "அக்கா, மாமாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எப்பவும் போலத்தான் இருக்கார்."

தேர்வு தொடர்ந்தது. ஹேண்ட் பிளெண்டரும் வாங்கப்பட்டது. அது மற்றவற்றைவிடச் சற்று நேரம் தாக்குப்பிடித்தது. ஆனாலும் கடைசியில் எண்ணெய் மேலே வந்து எட்டிப் பார்க்கவே, 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது. ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையிலிருந்து, காந்தத்தால் சுழலும் கருவி ஒன்று வந்தது. அடியில் ஒரு சின்னஞ்சிறு காந்தத் துண்டு தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கெட்டியான எண்ணெயை ஊற்றியதும் அது களைத்துப் போய் நின்றுவிட்டது. 'விடாமுயற்சி போதாது' என்று அதை ஒதுக்கினார்.

சோப்புக்கான கருவிகளுக்கு ஒழுக்கத் தேர்வும் உண்டு. ஒவ்வொன்றையும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. எஃகு சும்மா இருந்தது. கேக் மாவு அடிக்கும் பெரிய இயந்திரத்தின் அலுமினியத் துடுப்பு மட்டும் பொங்கி, சீறி, கறுத்து, அடுக்களை முழுவதும் புகையாக்கியது. ஜன்னலைத் திறந்துவிட்டு இருமிக்கொண்டே அவர் வழங்கிய தீர்ப்பு, 'உணர்ச்சிவசப்படும் இயல்பு உடையது'.

சோதனையின்போது கொட்டேஷனார் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வார். பாதுகாப்பு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. சோதனை முடிந்ததும் கையுறையைக் கழற்றி, பவுடர் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுவார். கருவிகள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போகும். தொட்டி நிறைந்தால் சமையல் நிற்கும். ஆகவே மனைவி கழுவுவார். கழுவுவது சோதனையின் பகுதியல்ல என்பதால் கையுறை அதற்கு ஒதுக்கப்படவில்லை.

"ஏங்க, நீங்க முக்கி எடுக்கறதையெல்லாம் கழுவினா கை எரியுது. பாருங்க, ரத்தம் வருது."

கொட்டேஷனார் பதறித்தான் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார்.

"அப்படியா? எந்தக் கருவியைக் கழுவும்போது ரொம்ப எரிஞ்சது?"

அடுத்த ஞாயிறு தம்பி ஒரு கிரீம் டியூபோடு வந்தான். அக்கா மூடியைத் திருகுவதற்குள் கொட்டேஷனார் அதை மெதுவாக, மிக மரியாதையாக, கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இதைப் பூசினா கை ஆறிடும்."

"அதுக்குத்தானே மாமா பூசறது!"

"அவசரப்படாதே மச்சான். ஆறிப்போன கையில என் லோஷனைப் போட்டா, அது வேலை செஞ்சதா இல்லையான்னு எப்படித் தெரியும்? சோதனைக்குப் புண் வேணும்."

"மாமா, அது அக்கா கை."

"அதனாலதான் வெளியில எங்கயும் புண் தேடாம இருக்கேன்."

டியூப் அலமாரிக்குள் போய், உடைக்காத மெழுகுப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மனைவி தானே கடைக்குப் போய் வேறொன்று வாங்கி ராத்திரியில் பூசிக்கொண்டார். பூசியதைக் காலையில் தொட்டி வாங்கிக்கொண்டது. பகலில் விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றித் தைத்தார். பிளாஸ்திரியின் பசை துணியில் ஒட்டியது. பிரித்துவிட்டுத் தைத்தார்.

இதற்குள் கொட்டேஷனாரின் புகழ் வீட்டைத் தாண்டியிருந்தது. 'வீட்டுச் சோப்பு வட்டம்' என்று ஓர் அமைப்பு, பெரும்பாலும் தொலைபேசியில் வாழ்வது, தன் மாதக் கூட்டத்தை அவர் வீட்டிலேயே நடத்தச் சம்மதித்தது. தலைவர் ஒரு ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். சோப்பு வார்க்கும் அச்சைத் தேர்வதில் சில வருடங்களாக ஈடுபட்டிருந்தார். 'வாசனை அம்மா' என்று எல்லோரும் அழைக்கும் பெண்மணி, சேர்க்க வேண்டிய நறுமணம் எது என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. மற்றவர்களும் இதே தரத்தினர். எல்லோர் கையிலும் கடைச் சோப்பின் மணம் கமகமத்தது.

ஒரு புது உறுப்பினர், நாகரிகம் தெரியாதவர், கேட்டார்: "இங்க யாராவது சோப்பு செஞ்சிருக்கீங்களா?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"தம்பி," என்றார் தலைவர், "செய்யறது யார் வேணும்னாலும் செஞ்சுடலாம்."

பலத்த கைதட்டல். கொட்டேஷனார் எழுந்து, தைக்கும் மேசையில் வரிசையாக நிறுத்தியிருந்த கருவிகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யலானார். மேசை அவற்றுக்கு வேண்டியிருந்ததால் மனைவி உள்ளறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அன்றைக்குக் கொடுக்க வேண்டிய கவுனை முடித்துக்கொண்டிருந்தார். காந்தக் கருவியின் குணநலன்களைக் கொட்டேஷனார் விளக்கிக்கொண்டிருந்தபோது, கவுன்களைத் தைக்கக் கொடுக்கும் உடைக் கடைக்காரம்மா வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி, நேரே உள்ளறைக்குப் போனார். கதவு சாத்தவில்லை. பேச்சு கூடத்துக்குக் கேட்டது.

"என்னம்மா இது? முன்பக்கம் பூனை பிறாண்டின மாதிரி இருக்கு?"

"விரல் மாட்டிடுச்சுங்க. இழையை உள்ள தள்ளப் பார்த்தேன்…"

"கையைக் காட்டு. ஐயையோ! இந்தக் கையை வெச்சுக்கிட்டு சாட்டினைத் தொடலாமா? இதை நான் எந்த முகத்தோட கொடுக்கறது? மீதித் துணியையும் எடு. கட்டு."

"ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க. ஆறிடும்."

"ஆறட்டும். நல்லா ஆறட்டும். என்னால பொறுக்க முடியாதும்மா."

துணி மூட்டை கூடத்தின் வழியே வெளியே போயிற்று. உறுப்பினர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். கொட்டேஷனார் பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். அவர் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. தைக்கும் மேசையை ராத்திரி காலி செய்து கொடுக்க வேண்டுமே என்று காலையிலிருந்து ஒரு கவலை அவரை அரித்துக்கொண்டிருந்தது. அது நீங்கியது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கூட்டம் கலைந்ததும் மனைவி சொன்னார்: "இனிமே உங்க கருவி ஒண்ணையும் நான் கழுவமாட்டேன்."

கொட்டேஷனார் வெகுநேரம் யோசித்தார். கழுவாத கருவியில் சோதனை செய்வது நெறியல்ல. கழுவுவது தம் பதவிக்கு அழகல்ல. ஆகவே தேர்வைத் தற்காலிகமாக ஒத்திவைத்தார். தொட்டியிலும் மேடையிலும் கருவிகள் எண்ணெய்ப் பிசுக்கோடு குவிந்து கிடந்தன. மனைவி ஓரமாக ஒரு அடுப்பில் சமைத்தார்.

கழுவவும் இல்லை, தைக்கவும் இல்லை. சும்மா இருந்த கை தானாகவே ஆறியது. வெடிப்பு மூடி, தோல் உரிந்து, புதுத்தோல் வந்தது. கொட்டேஷனார் ஒரு காலை அதைக் கவனித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உடனே தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

வட்டம் சிறப்புக் கூட்டம் கூடியது. ஒரு துளி லோஷன்கூடத் தயாரிக்காமல், ஆராய்ச்சியினால் மட்டுமே கையைக் குணப்படுத்திய முதல் மனிதர் என்று தலைவர் தழுதழுத்தார். சால்வைக்கு அவசியமில்லை, ஒரு கேடயம் போதும் என்று கொட்டேஷனார் அடக்கமாகச் சொன்னார். கேடயம் தயாராகவே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார்கள். அவர் கைகள் வரிசையாகப் பார்வையிடப்பட்டன. வாசனை அம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

"அம்மா, நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்," என்றார் தலைவர்.

மனைவி சற்று நேரம் பேசாமல் நின்றார். வழக்கம்போல் சம்மதம் என்று எண்ணிக் கொட்டேஷனார் கைதட்டத் தயாரானார்.

"கை நல்லாயிடுச்சு. நேத்து கடைக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். வேற ஆள் போட்டாச்சாம். அந்தப் பொண்ணு நல்லா தைக்குதாம். கடைத்தெருவுல மத்தவங்களும் கேள்விப்பட்டுட்டாங்க, ஒருத்தரும் சாட்டின் தரமாட்டேங்கறாங்க. இந்தக் கையை இப்போ நான் என்ன செய்யட்டும்? நீங்க இத்தனை பேர் இருக்கீங்க. சொல்லுங்க."

வட்டத்தின் வரலாற்றில் விடை தேவைப்பட்ட முதல் கேள்வி அது. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாருடைய பார்வையும் மெல்ல மெல்ல, யாரும் சொல்லாமலே, அடுக்களைப் பக்கம் திரும்பியது.

"தொட்டியில நிறைய சேர்ந்திருக்கு போலிருக்கே," என்றார் தலைவர், இதமாக. "தேர்வும் பாதியில நிக்குது…"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கொட்டேஷனார் நெகிழ்ந்து எழுந்தார்.

"இந்தத் தடவை வெறுங்கையோட கழுவ விடமாட்டேன். அவளுக்குன்னு தனியா ஒரு ஜோடி கையுறை. நாளைக்கே மூணு கடைக்கு எழுதிப் போடறேன்."

மனைவி கூட்டத்தைப் பார்க்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்டின் துணியே கூச்சப்படும் வழவழப்பு. ஒரு விரலிலும் ஊசி குத்திய தடம்கூட மிச்சமில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பை முழுசாகப் பிடுங்கி அவள் கையை இவ்வளவு மிருதுவாக்க உலகத்தில் எந்தக் கிரீமாலும் முடியாது. கொட்டேஷனாரால் முடிந்தது. அதற்கு அவருக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை.