வீடு பார்க்க வந்தவர்களுக்கு ரோல்ஸ்

தன் வீட்டை ஏலத்தில் எடுக்க வந்தவர்களை உட்காரவைத்து, ரோல்ஸ் பொரித்துக் கொடுத்து, பால்தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்து, வாசல்வரை வந்து "இன்னொருக்கா வாங்கோ" என்று வழியனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பலாசோ அண்ணை. அப்படி இன்னொருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்தி, யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள் என்று பார்க்க ஆசை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பங்குத்தந்தைக்கும் விசா பதிகிற பொலிஸ் கந்தோருக்கும் மட்டும்தான் தெரியும். பலாசோ என்றால் இங்கே பலெர்மோவில் மாளிகை. அடுக்குமாடிக் கட்டடத்தையும் அப்படிச் சொல்வார்கள். அண்ணையிடம் இருந்தது அப்படியொரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும். ஆனால் "வீட்டை போறன்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "பலாசோவுக்குப் போறன்" என்றுதான் சொல்வார். நாங்கள் வேறு என்ன பெயர் வைப்பது?

சீசா என்கிற எங்கள் பகுதியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே அவருடைய பல்கனி. அதில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரை. கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்ற அவருடைய மனைவி மலரக்கா வந்தால் அண்ணை எழுந்து உள்ளே போகவேண்டும். இரண்டு பேருக்கு அங்கே இடமில்லை. எங்கள் பஸ் எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. அண்ணை கதிரையில் இருந்தபடி குனிந்து, கீழே நிற்பவர்களுக்கு இத்தாலியனில் சொல்வார்: "பஸ் இப்ப வராது. மேலை வந்து வீட்டைப் பாத்திட்டுப் போங்கோ."

சிலர் உண்மையாகவே போனார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, குளியலறையின் நீல டைல்ஸைத் தட்டிக் காட்டி, கடைசியில் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதையும் காட்டுவார். எங்கள் எல்லோர் வீட்டிலும் குழாயில் தண்ணீர்தான் வருகிறது என்பது அவருக்கு ஞாபகம் வராது. நானே அந்தக் குழாயை எத்தனையோ முறை பார்த்து வியந்திருக்கிறேன். வியக்காவிட்டால் இன்னொரு தரம் திறப்பார்.

அந்த வீட்டுக்குத்தான் கேடு வந்தது. மொண்டெல்லோ கடற்கரையில் அவர் சமையல் செய்த உணவகம் ஒரு கோடை முடிவில் கதவைப் பூட்டியது, மறு கோடையில் திறக்கவில்லை. வீட்டுக்கடனின் வட்டியும் அந்த நேரம் பார்த்து ஏறியது. தவணை தவறியது, பிறகு தவறுவதே வழக்கமாகிவிட்டது. வங்கி கோர்ட்டுக்குப் போக, கோர்ட் வீட்டை ஏலத்தில் போட்டது. ஏலம் முடிந்து வீடு கைமாறும்வரை குடும்பத்தோடு அதிலேயே இருக்கலாம். ஆனால் வாங்க விரும்புகிறவர்கள் வந்தால் கதவைத் திறந்து காட்டவேண்டும். அவர்களைக் கூட்டிவருவதற்குக் கோர்ட் ஓர் இளம் வழக்கறிஞரை நியமித்தது. கோட்டுத்தான் நடந்து வருகிறதோ என்று எண்ணத் தோன்றும், அவ்வளவு மெலிந்த பிள்ளை.

நான் அண்ணையின் மகள் நிலாவுக்கு ஞானத்தகப்பன். ஆகவே அந்தக் குடும்பத்தின் எல்லாச் சண்டையிலும் எனக்கு ஒரு கதிரை உண்டு. மலரக்கா என்னைக் குசினிக்குள் இருத்திவைத்து, புருஷனைக் கூப்பிட்டுத் தன் திட்டத்தைச் சொன்னா.

"இஞ்சாருங்கோ, வாறவையளிட்டை வீட்டிலை உள்ள குறையெல்லாம் சொல்லுங்கோ. ஒருத்தரும் கேக்காட்டி ஏலம் தள்ளிப்போகும். அதுக்கிடையிலை ஒரு வாடகை வீடு பிடிச்சிடலாம்."

"இந்த வீட்டிலை என்ன குறை?"

"குளியலறைக் குழாய் ஒழுகுது. மேல்வீட்டு நாய் குரைக்குது. அறைச் சுவரிலை ஈரம்."

"அது ஈரமில்லை மலர். குளிர்மை."

"ஈரம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளைக்கு இந்த வருசம் கடைசிச் சோதினை. அவளை நான் தெருவிலை வைச்சோ படிப்பிக்கிறது?"

அண்ணை தலையை ஆட்டினார். முதல் தடவை வழக்கறிஞர் ஓர் இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது மேசையில் ரோல்ஸ் தயாராக இருந்தது. வாங்க வருகிறவனுக்கு எதற்கு ரோல்ஸ் என்று நான் காதுக்குள் கேட்டேன். "வீட்டுக்கு வந்தவையை வெறும் வயித்தோடை அனுப்பிறதோ?" என்று என்னைத்தான் முறைத்தார். பிறகு ஞானோபதேச வகுப்புப் பிள்ளை ஒப்புவிப்பது போல, கையைக் கட்டிக்கொண்டு, "குழாய் ஒழுகும், நாய் குரைக்கும், சுவர் ஈரம்" என்று சொல்லி முடித்தார். மலரக்காவின் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி.

அந்த இளைஞன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ரோல்ஸைக் கடித்தபடி, "குசினியும் இருட்டுத்தான்" என்றான்.

"இருட்டோ?" அண்ணையின் கட்டிய கை அவிழ்ந்தது. "நாலு மணிக்கு வந்து பாருங்கோ. வெயில் உந்த மேசையிலை வந்து குந்தும். ஒழுகிறது எந்த ஆணி எண்டும் எனக்குத் தெரியும். ஒருக்கா இறுக்கினால் சரி. நாய் நல்ல நாய். கள்ளனைக் கண்டால்தான் குரைக்கும்." அவர்களைச் சப்பாத்தைக் கழற்றவைத்து முழு வீட்டையும் சுற்றிக்காட்டி, கடைசியில் குழாயையும் திறந்துவிட்டார். மலரக்கா கரண்டியைக் கழுவுதொட்டிக்குள் போட்ட சத்தம் பஸ் நிலையம்வரை கேட்டிருக்கும்.

நல்ல காலம், அந்தத் தம்பதிக்கு மூன்று அறை தேவைப்பட்டது. முதல் ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்று வழக்கறிஞர் தொலைபேசியில் சொன்னார். மலரக்கா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. அண்ணையோ அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "ஒருத்தரும் கேக்கேல்லையோ? ஏன், அப்பிடி என்ன குறை என்ரை வீட்டிலை?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

இந்தப் பக்கம் நானும் அவரும் வாடகை வீடு தேடி அலைந்தோம். முகவர் கந்தோர் ஒன்றில் இருந்த பிள்ளை சம்பளச் சீட்டுக் கேட்டாள். அண்ணை அப்போது ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தார். பழம் முடிந்தால் சம்பளமும் முடியும். அவள் அவருடைய பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தாள். கடனை ஒழுங்காகக் கட்டாதவர்களின் பட்டியலில் பெயர் இருந்திருக்கவேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த தாயைப் போல அவளுடைய முகம் மாறியது. பொறுப்புக்கு யாராவது கையெழுத்து வைப்பார்களா என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி என் சம்பளச் சீட்டை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, எனக்கே ஒருவர் பொறுப்பு நிற்கவேண்டும் என்று மரியாதையாகச் சொன்னாள்.

முகவரை விட்டு நேரே வீட்டுக்காரர்களிடம் போனோம். அங்கே நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே அண்ணை கதைக்கத் தொடங்கினார். எங்களை நிற்கவைத்து ஆயிரம் கேள்வி கேட்கவேண்டிய மனிதரை இவர் நிற்கவைத்துக் கேட்பார். காற்று எந்தப் பக்கத்தால் வரும், மேலே இருப்பவர்கள் எப்படியானவர்கள், முன்னர் குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள், அவர்களின் தொலைபேசி எண் கிடைக்குமா. ஒரு வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "சான்று நீங்கள்தான் எனக்குக் காட்டோணும்" என்றார்.

"என்ரை குறை கோர்ட்டிலை இருக்கு, ஆரும் போய்ப் பாக்கலாம்," என்றார் அண்ணை. "உங்கட குறையை நான் எங்கை போய்ப் பாக்கிறது?"

கதவு சாத்தப்பட்டது. படியிறங்கும்போது, "குழாயிலை தண்ணி நூல் மாதிரி வருது, கவனிச்சனீயோ?" என்று என்னிடம் கேட்டார். வீடில்லாமல் போகப்போகிற மனிதர் பலெர்மோவின் வீடுகளை ஒவ்வொன்றாக நிராகரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல் இருந்தது.

ஒரேயொருவர் மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் தர ஒப்புக்கொண்டார். சந்தைக்குப் பின்னால் ஒரு அறை, யன்னல் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மலரக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டா. "ஒப்பந்தம் இல்லாட்டி அட்ரஸ் பதியேலாது. பெர்மெசோ புதுப்பிக்கப் போய் நிண்டு என்னெண்டு சொல்லுறது? பஸ் ஸ்டாண்டிலை இருக்கிறம் எண்டோ?" என்று கேட்டா. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இல்லாவிட்டால் எங்களுக்கு இங்கே வேலையும் இல்லை, பிள்ளைகளுக்கு நாளையும் இல்லை. அதனால் அந்த அறையை நானும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் வழக்கறிஞர் பிள்ளை கொழுக்கத் தொடங்கியிருந்தது. வீடு பார்க்கும் நேரம் எல்லாம் எப்படியோ மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாறிப்போனது. ஒரு நாள் தனியாகவே வந்து, "இண்டைக்கு வாறன் எண்டவை வரேல்லை" என்று சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். யாராவது வருவதாகச் சொல்லியிருந்தார்களா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். அன்று கணவாய்க் கறி.

அவர் கூட்டிவந்தவர்களில் ஒருவர்தான் சிஞ்ஞோரா பீனா. சிஞ்ஞோரா என்றால் இங்கே அம்மையார். எதிர்க் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் சொந்த வீட்டில் தனியாக இருந்த பெண்மணி, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், பாண் வாங்க இறங்கினால் மறுபடி ஏறுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை வாசலில் நிற்பாராம். முதலாம் மாடியில் ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. அண்ணை அவரைப் பல்கனிக் கதிரையில் இருத்தி, காலுக்கு ஒரு முக்காலியும் வைத்தார். குழாய், நாய், சுவர் மூன்றையும் சொன்னார். மூன்றையும் புகழ்ந்தும் சொன்னார்.

அவர் மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அண்ணையை நேரே பார்த்துக் கேட்டார்.

"சிஞ்ஞோர், நான் உங்கட அம்மா எண்டால், இந்த வீட்டை வாங்கச் சொல்லுவீங்களோ?"

குசினி வாசலில் மலரக்கா நின்றா. தலை, கண், கையில் இருந்த எண்ணெய்க் கரண்டி எல்லாமே 'இல்லை' என்று ஆடின. நிலா புத்தகத்தை மூடினாள். வழக்கறிஞர்கூட மெல்லுவதை நிறுத்தினார். ஒரு சின்னப் பொய், ஒரே ஒரு சொல், இன்னும் சில மாதம் கூரை இருக்கும். அண்ணை சிஞ்ஞோராவின் முழங்காலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"அம்மா எண்டால் ஓம், வாங்கச் சொல்லுவன்," என்றார். "குழாயை மட்டும் மாத்தோணும்."

அடுத்த ஏலத்தில் சிஞ்ஞோரா பீனா கேட்டார், வேறு யாரும் கேட்கவில்லை, வீடு அவருக்குப் போனது. மலரக்கா புருஷனோடு கதைப்பதை நிறுத்தினா. உப்பு வேண்டுமென்றாலும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவரிடம் சொல்லச் சொன்னா. அண்ணை பல்கனிக்கு வருவதை விட்டார். கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆள் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். மேலே கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவருடைய பெருமையைக் கேட்டு அலுத்துப்போனவன் நான். அது நின்றுபோனதும் தாங்கமுடியவில்லை.

பிறகொரு மாலை சிஞ்ஞோரா பீனா வழக்கறிஞர் இல்லாமல் தனியாக வந்தார். நானும் அங்கே இருந்தேன். எங்கே குடிபோகிறீர்கள் என்று கேட்டார். அண்ணைக்குக் குறைகளை வரிசையாகச் சொல்லிப் பழகியிருந்தது. இப்போது தன்னுடையதைச் சொன்னார். பட்டியலில் பெயர் இருக்கிறது, நிரந்தரச் சம்பளம் இல்லை, பொறுப்பு நிற்க ஆள் இல்லை. இந்த முறை ஒன்றையும் புகழவில்லை.

"என்ரை அஞ்சாம் மாடி வெறுமையாகப் போகுது," என்றார் சிஞ்ஞோரா. "ஆரும் ஏறமாட்டினம். வாடகைக்கு விடுறதெண்டால் சான்று கேக்கச் சொல்லி முகவர் சொல்லுறார். பொய் சொல்லவேண்டிய நேரத்திலை உங்களிட்டை நான் ஒரு கேள்வி கேட்டனான். அதைவிட வேறை என்ன சான்று?"

அண்ணை எழுந்தார். முகத்தைத் துடைக்கிற சாட்டில் குளியலறைக்குப் போனார். மலரக்காதான் முன்னால் வந்து, பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் வார்த்தையைச் சொன்னா: "ஒப்பந்தம் எழுதுவியளோ, சிஞ்ஞோரா?"

எழுதினார். இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே நாளில் தெருவைக் கடந்தன. சிஞ்ஞோராவின் கட்டில் இந்தப் பக்கம் வர, அண்ணையின் கட்டில் அந்தப் பக்கம் போனது. பஸ் வந்து, நடுவில் நின்ற அலுமாரிக்காகக் காத்து நின்றது. பிளாஸ்டிக் கதிரையை நான் தூக்கப்போனபோது அண்ணை தடுத்தார். "அது வீட்டோடை சேர்ந்தது, விடு," என்றார். இப்போது பஸ்ஸுக்கு நிற்பவர்களைச் சிஞ்ஞோரா பீனா மேலே கூப்பிடுவதாகக் கேள்வி. ஒழுகிய குழாயை அண்ணையே போய் மாற்றிக் கொடுத்தார்.

மிச்சக் கடன் இன்னும் தீரவில்லை. அண்ணைக்கு ஒரு பாடசாலைக் குசினியில் வேலை கிடைத்திருக்கிறது. மலரக்கா கதைக்கிறா, சில நேரம் அளவுக்கு மிஞ்சியும் கதைக்கிறா. நிலா சோதினை பாஸ். வாடகை பிந்துவதில்லை.

நான் ஞாயிறு பூசை முடிந்து அங்கே போவேன். ஐந்து மாடி. வீடு வாடகை வீடு, ஆனாலும் கதவைத் திறந்ததும் அண்ணை சொல்வார்: "தம்பி, பழைய பலாசோவிலை காத்தே இல்லையடா. இஞ்சை வந்து பார், மலையெல்லாம் தெரியுது." சப்பாத்தைக் கழற்றவைத்துச் சுற்றிக்காட்டுவார், கடைசியில் குழாயைத் திறப்பார். தண்ணீர் வரும். நான் வியப்பேன், இப்போதெல்லாம் அவர் இரண்டாம் தரம் திறக்கத் தேவையே இல்லை.